7.6 போதுமா? மியூனிக்குக்கு மூட்டை கட்டும் தம்பிக்கு

தம்பி, நீங்க கேட்டது இது: "பி.இ. இ.சி.இ., சி.ஜி.பி.ஏ. 7.6, ரெண்டு அரியர் இருந்து கிளியர் ஆயிடுச்சு. ஜெர்மனியில டி.யூ. மியூனிக்ல (டெக்னிக்கல் யுனிவர்சிட்டி) இன்ஃபர்மாட்டிக்ஸ், அதாவது கம்ப்யூட்டர் சயின்ஸ், மாஸ்டர்ஸ் கிடைக்குமா அண்ணா? இல்லேன்னா ஆக்கன் யுனிவர்சிட்டி? அப்படியே குளிர், ரூம், பார்ட் டைம் வேலை பத்தியும் சொல்லுங்க." குளிரையும் ரூமையும் கடைசியில ரெண்டு வரியில முடிச்சுக்கறேன். மார்க்கைப் பத்தித்தான் பேசணும். வருஷா வருஷம் இதே கேள்வி வருது, இதே தப்பான பதிலும் கூடவே போகுது.

அந்தத் தப்பான பதில், "7.5க்கு மேல இருக்கா? போடு, கிடைக்கும்." சொல்றவர் நல்ல மனசோடதான் சொல்றார். அவர் 7.1ல வந்திருப்பார். எந்த வருஷம், எந்தப் படிப்பு, எந்த யுனிவர்சிட்டி பட்டம்னு சொல்ல மாட்டார். 7.1ல விண்ணப்பிச்சு கிடைக்காமப் போனவங்க இங்கே வந்து பதில் எழுதப் போறதில்லையே, அதனால வந்தவங்க குரல் மட்டும்தான் உங்க காதுல விழுது.

முதல்ல 7.6ங்கறதே ஒரே எண் இல்ல. ஜெர்மனியில மார்க் தலைகீழ்: 1.0 உச்சம், 4.0 பாஸ், அதைத் தாண்டினா ஃபெயில். உங்க மார்க்கை இந்த அளவுக்கு மாத்த பவேரியன் ஃபார்முலான்னு ஒண்ணு. அதிகபட்சம் 10லேர்ந்து உங்க 7.6ஐக் கழிங்க, 2.4. அதை 3ஆல பெருக்குங்க, 7.2. இப்போ 10லேர்ந்து உங்க ஊர்ல பாஸுக்கு உள்ள குறைஞ்சபட்ச கிரேடு பாயிண்டைக் கழிச்சு, அதால வகுங்க. கடைசியா 1 கூட்டுங்க.

விஷயம் அந்த "பாஸ் பாயிண்ட்"லதான் இருக்கு. பாஸ் 4ன்னா 7.2ஐ 6ஆல வகுத்து 1.2, ஒண்ணைக் கூட்டினா 2.2. பாஸ் 5ன்னா 2.44, ரெண்டாவது தசமத்தைப் பொதுவா வெட்டிடுவாங்க, 2.4. பாஸ் 6ன்னா 2.8. நிறைய மாஸ்டர்ஸ் படிப்புல 2.5னு ஒரு கோடு போட்டிருப்பாங்க. ஒரே 7.6தான், ஒருத்தர் கோட்டுக்கு இந்தப் பக்கம் தாராளமா நிக்கறார், இன்னொருத்தர் வாசலைக்கூடத் தொடல. இது உங்க கையிலயும் இல்ல, நீங்க படிச்ச யுனிவர்சிட்டியோட ரெகுலேஷன் (பாடத்திட்ட விதி) முடிவு பண்றது. அதனாலதான் வேற காலேஜ் நண்பரோட சி.ஜி.பி.ஏ.வை உங்களோடதோட ஒப்பிட்டுப் பிரயோஜனம் இல்லைங்கறேன்.

உங்க மார்க்ஷீட்டைத் திருப்பி பின்பக்கம் பாருங்க. எந்த எழுத்துக்கு எத்தனை பாயிண்ட், எதுவரை பாஸ்னு சின்ன எழுத்துல ஒரு அட்டவணை இருக்கும். அதுலேர்ந்துதான் மதிப்பிடறவர் அந்தக் குறைஞ்சபட்சத்தை எடுக்கறார். பாதிப் பேர் முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் பண்ணி ஏத்திடறாங்க. அட்டவணை இல்லேன்னா ஒண்ணு உங்ககிட்ட திரும்பக் கேட்டு நாள் போகும், இல்லேன்னா அவங்களா ஒரு அளவை எடுத்துக்குவாங்க. மார்க்ஷீட்ல பின்பக்கம் காலியா இருந்தா, கிரேடு முறையை விளக்கி காலேஜ் லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம் வாங்கிக்குங்க.

அடுத்தது "கட் ஆஃப் எவ்வளவு?" நம்ம கவுன்சிலிங் பழக்கத்துல கேக்கறோம். இங்கே என்.சி.ன்னு (நூமெரஸ் கிளாஸஸ், சீட்டுக்கு வரம்பு வச்ச சேர்க்கை) ஒண்ணு சொல்வாங்க. அது முன்கூட்டியே வைக்கிற கோடு இல்ல. போன வருஷம் கடைசியா உள்ளே போனவரோட மார்க் அவ்வளவுதான், அடுத்த வருஷம் யார் யார் போடறாங்கங்கறதைப் பொறுத்து அது மேலயும் போகும், கீழயும் வரும். என்.சி. இல்லாத படிப்பும் உண்டு. கேட்கிற தகுதி இருந்தா சீட்டு உண்டு, அவ்வளவுதான். டி.யூ. மியூனிக் இன்ஃபர்மாட்டிக்ஸ் இந்த ரெண்டு ரகமும் இல்ல. அங்கே தகுதி மதிப்பீடு: மார்க்குக்குக் கொஞ்சம் புள்ளி, பாடத்திட்டப் பொருத்தத்துக்குக் கொஞ்சம் புள்ளி, எழுதி அனுப்பறதுக்குக் கொஞ்சம் புள்ளி, எல்லாத்தையும் கூட்டறாங்க.

எத்தனை புள்ளி எதுக்குன்னு யார்கிட்டயும் கேட்க வேண்டாம், அச்சுல இருக்கு. படிப்போட சட்டதிட்டம் ஒவ்வொண்ணுக்கும் பி.டி.எஃப்.ஆக் கிடைக்குது. டி.யூ. மியூனிக்ல அதுக்கு எஃப்.பி.எஸ்.ஓ.ன்னு பேர், கடைசியில இருக்கிற ரெண்டாவது இணைப்புலதான் தகுதி மதிப்பீட்டோட கணக்கு முழுசும் இருக்கும். ஜெர்மன்ல இருக்கேன்னு விட்டுடாதீங்க. மொழிபெயர்ப்புக் கருவியில போட்டு ஒரு ராத்திரி உக்காந்தா புரிஞ்சிடும். இந்த ஊர்ல எல்லாமே இப்படி ஏதோ ஒரு பேப்பர்ல எழுதித்தான் இருக்கு. அதைத் தேடிப் படிக்கப் பழகிக்கிட்டதுதான் நாங்க இங்கே கால் ஊன்றினதுல பாதி. வந்து பத்து வருஷமாகியும் ஒவ்வொண்ணுக்கும் வாட்ஸாப் குரூப்ல "யாராவது சொல்லுங்களேன்"னு கேட்டுக்கிட்டிருக்கிறவங்களும் இருக்காங்க, அது அவங்க பாடு.

இப்போ உங்க விஷயத்துல உண்மையான சிக்கலுக்கு வர்றேன். அது 7.6 இல்ல, அரியரும் இல்ல. இ.சி.இ. படிச்சிட்டு இன்ஃபர்மாட்டிக்ஸ் கேக்கறீங்களே, அதுதான். அவங்க உங்க மார்க்ஷீட்டை அப்படியே படிக்கறதில்ல. தங்களோட சொந்த பேச்சலர் பாடத்திட்டத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, அவங்க மாணவர் மூணு வருஷத்துல படிச்சதை நீங்களும் படிச்சிருக்கீங்களான்னுதான் பார்க்கறாங்க. நிறையப் பேர் இங்கே சறுக்கறாங்க: மாஸ்டர்ஸ் பாடத்தைப் பார்த்து, "மெஷின் லேர்னிங் எனக்குத் தெரியும், ஆன்லைன்ல சர்டிஃபிகேட் இருக்கு"ங்கறாங்க. அதுக்கு இங்கே மதிப்பு சொற்பம். நீங்க ஒப்பிட வேண்டியது அந்த யுனிவர்சிட்டியோட பேச்சலர் இன்ஃபர்மாட்டிக்ஸ் மாட்யூல் ஹேண்ட்புக்கோட, அதாவது ஒவ்வொரு பாடத்துலயும் என்ன இருக்குன்னு சொல்ற கையேட்டோட.

செய்யற விதம் சொல்றேன், ஒரு ஞாயித்துக்கிழமை போதும். ஒரு ஷீட்ல நாலு பத்தி: அவங்க பேச்சலர் பாடம், அதோட ஈ.சி.டி.எஸ்., உங்க பாடம், உங்க பாடத்தோட ஈ.சி.டி.எஸ். இந்த ஈ.சி.டி.எஸ்.ங்கறது ஐரோப்பிய கிரெடிட்; முழு வருஷத்துக்கு 60, ஒரு கிரெடிட்டுக்கு 25லேர்ந்து 30 மணி நேர உழைப்புன்னு கணக்கு. உங்க நாலு வருஷம் 240க்குச் சமம்னு வச்சு, அதை உங்க மொத்த கிரெடிட்டால வகுங்க. மொத்தம் 160ன்னா 1.5. அப்போ 4 கிரெடிட் பேப்பர் 6 ஆகுது, 3 கிரெடிட் 4.5, ஒன்றரை கிரெடிட் லேப் 2.25. எல்லா இடத்திலயும் இதே மாதிரிதான் மாத்துவாங்கன்னு இல்ல, ஆனா உங்க நிலைமை தெரிய இது போதும்.

போட்டுப் பார்த்தா இ.சி.இ.காரருக்குப் பெரும்பாலும் இப்படித்தான் வரும். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் ஒண்ணு இருக்கும், ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங் ஒண்ணு, கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ், கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் இருக்கும். டேட்டாபேஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம் எலெக்டிவ்ல எடுத்திருந்தா உண்டு. தியரட்டிக்கல் இன்ஃபர்மாட்டிக்ஸ்னு அவங்க சொல்ற ஆட்டோமேட்டா, கம்ப்யூட்டபிலிட்டி, காம்ப்ளெக்சிட்டி மொத்தமா பூஜ்யம். கணக்குல நம்மகிட்ட ட்ரான்ஸ்ஃபார்ம்ஸ், பார்ஷியல் டிஃபரென்ஷியல் ஈக்வேஷன் நிறைய; அவங்க தேடறது டிஸ்க்ரீட் மேத்ஸ், லீனியர் ஆல்ஜீப்ரா, ப்ராபபிலிட்டி. ஆன்டெனா, மைக்ரோவேவ், வி.எல்.எஸ்.ஐ. எல்லாம் அந்த ஷீட்ல எந்த வரியிலயும் உக்காராது. 9.2 எடுத்திருந்தாலும் அந்த ஓட்டை ஓட்டைதான்.

ஒண்ணு கவனிங்க. பேப்பர் பேரைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, சிலபஸ் யூனிட்டைப் பாருங்க. பேர் வேறயா இருந்து உள்ளே டிஸ்க்ரீட் மேத்ஸ் பாதி இருக்கலாம். அந்த சிலபஸை விண்ணப்பத்தோட வைக்கணும், பக்க எண் போட்டு. இருநூறு பக்க சிலபஸை மொத்தமா ஏத்திட்டு "தேடிக்குங்க"ன்னு விட்டா யாரும் தேட மாட்டாங்க.

இதே 7.6ஐத் தூக்கிக்கிட்டு எலக்ட்ரிக்கல் அல்லது கம்யூனிகேஷன் பக்கம் போனா கதையே வேற. டி.யூ. மியூனிக்லயே கம்யூனிகேஷன்ஸ் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் இருக்கு, ஸ்டுட்கார்ட்ல இன்ஃபோடெக்னு ஒரு மாஸ்டர்ஸ் இருக்கு. உங்க ஷீட் அங்கே கிட்டத்தட்ட நிரம்பிடும், சாஃப்ட்வேர் பாடத்தை எலெக்டிவ்ல எடுத்துக்கலாம். "ஆனா டிகிரி பேர்ல கம்ப்யூட்டர்னு வராதே"ன்னு ஒரு மனக்குறை நம்ம பசங்ககிட்ட உண்டு. அந்தக் குறைக்காக மூணு வருஷம் இழுத்தடிச்சவங்க இருக்காங்க.

ஒரு எச்சரிக்கை. டி.யூ. மியூனிக் தகுதி மதிப்பீட்டுல தோத்தா அதே படிப்புக்கு இன்னும் ஒரே ஒரு தடவைதான் போட முடியும். "சும்மா போட்டுப் பார்ப்போம்"னு அரைகுறை பேப்பரோட ஒரு வாய்ப்பை எரிச்சுடாதீங்க. பணத்தையும் பாருங்க: 2024-25 குளிர்கால செமஸ்டர்லேர்ந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேர்ந்து வர்றவங்ககிட்ட அங்கே மாஸ்டர்ஸுக்குப் பெரும்பாலும் செமஸ்டருக்கு 4,000 இல்ல 6,000 யூரோ வாங்கறாங்க. ஸ்டுட்கார்ட் இருக்கிற மாநிலத்துல 2017லேர்ந்தே செமஸ்டருக்கு 1,500. "ஜெர்மனியில படிப்பு இலவசம்"னு இன்னும் வீடியோ போடறவங்க இதைப் பத்தி வாயே திறக்கறதில்ல.

அரியர்? ரெண்டு, கிளியர் ஆனது, பெரிய விஷயமே இல்ல. இங்கே உள்ளூர் மாணவர்களும் ஃபெயில் ஆறாங்க. மறைக்க மட்டும் முயற்சி பண்ணாதீங்க. ஏ.பி.எஸ்.ங்கறது நம்ம படிப்புச் சான்றுகளைச் சரிபார்க்கிற ஜெர்மன் அமைப்பு; அது தர்ற சான்றிதழுக்கு எல்லா செமஸ்டர் மார்க்ஷீட்டும் போகுது, 2022 நவம்பர்லேர்ந்து இந்தியாவுலேர்ந்து வர்றவங்களுக்கு அது இல்லாம மாணவர் விசா கிடையாது. ஏ.பி.எஸ். உங்க மார்க் நல்லதா மோசமான்னு சொல்றதில்ல, பேப்பர் நிஜமான்னு மட்டும்தான் பார்க்குது. கட்டணம் 18,000 ரூபாய். வர வாரக்கணக்கு ஆகும். கடைசித் தேதியோ சில இடத்துல மார்ச் 1, சில இடத்துல மே 31. அதனால இதைத்தான் முதல்ல ஆரம்பிக்கணும்.

கன்சல்டன்சி பக்கம் போறதா எழுதியிருக்கீங்க. அங்கே 7.6ன்னு சொன்ன உடனே, "சார், பப்ளிக் யுனிவர்சிட்டி கஷ்டம், பிரைவேட் ஒண்ணு கேரண்டி"ம்பாங்க. உங்க மார்க் குறைவுன்னு பயமுறுத்தறதுதான் அவங்க பிழைப்பு, பிரைவேட்லேர்ந்து கமிஷன் வருது. பாஸ் பாயிண்ட் எத்தனைன்னு கேட்டுப் பாருங்க. முழிப்பாங்க.

எத்தனை இடத்துக்குப் போடறதுன்னா, ஆறு போதும். ரெண்டு உங்க ஷீட்ல ஒண்ணு ரெண்டு ஓட்டை இருக்கிறது, மூணு சரியாப் பொருந்தறது, ஒண்ணு என்.சி. இல்லாதது. யூனி அசிஸ்ட் (பல யுனிவர்சிட்டிக்காக விண்ணப்பத்தை வாங்கிச் சரிபார்க்கிற பொது அமைப்பு) மூலமா போற இடத்துக்கு முதல் விண்ணப்பம் 75 யூரோ, அடுத்தது ஒவ்வொண்ணும் 30. இருபது இடத்துக்குப் போட்டு இருபதுக்கும் ஒரே மோட்டிவேஷன் லெட்டரை அனுப்பறவங்க, ஒரு லெட்டர்ல யுனிவர்சிட்டி பேரை மாத்த மறந்து அனுப்பிடறாங்க. சிரிக்காதீங்க, அடிக்கடி நடக்கிறது.

உள்ளே வர்றதுக்கு மார்க் போதுமாங்கறது ஒரு கேள்வி, வந்து நிக்கப் போதுமாங்கறது வேற. அதை யாரும் கேக்கறதே இல்ல. இங்கே இன்டர்னல் மார்க்குன்னு தாங்கிப் பிடிக்க எதுவும் பெரும்பாலான பாடத்துல கிடையாது, ஒரே எழுத்துத் தேர்வு, அதுதான் நூறு சதவீதமும். பல யுனிவர்சிட்டியில ஒரு பாடத்துக்கு மூணு முயற்சி. மூணாவதும் போச்சுன்னா பதிவையே நீக்கிடுவாங்க. அதோட நிக்காது, அதே படிப்பை ஜெர்மனியில வேற யுனிவர்சிட்டியில தொடரவும் கதவு மூடிடும். டி.யூ. மியூனிக்ல முயற்சியை எண்ணாம கிரெடிட்டை எண்ணுவாங்க: மூணாவது செமஸ்டர் முடிவுல 30, நாலாவதுல 60ன்னு ஏறணும். ஆட்டோமேட்டாவே படிக்காம காம்ப்ளெக்சிட்டி தியரி வகுப்புல போய் உக்காந்தா என்ன ஆகும்னு இப்போ புரியுதா? அந்த ஷீட் உங்களைத் தடுக்க வச்சது மட்டும் இல்ல.

முந்தி இதெல்லாம் இவ்வளவு நெரிசலா இல்ல. ஏ.பி.எஸ். கிடையாது, மியூனிக்ல இவ்வளவு கட்டணம் கிடையாது. ஆனா அட்டெஸ்ட் பண்ணின நகல் கட்டுக் கட்டா தபால்ல போகணும், காலேஜ் ஆபீஸ்ல டிரான்ஸ்கிரிப்ட் கவரை ஒட்டி, ஒட்டின இடத்துமேல பாதி விழற மாதிரி சீல் குத்தி வாங்கணும். சீல் கொஞ்சம் கவருக்கு வெளியே போச்சுன்னா திரும்பப் போய் வரிசையில நிக்கணும். போய்ச் சேர்ந்ததான்னு தெரியவே வாரக்கணக்கு. அந்தக் காலத்துல வந்தவங்க இப்போ வர்றவங்களைப் பார்த்து "உங்களுக்கு எல்லாம் ஈஸி"ன்னு சொல்றது எனக்குப் பிடிக்காது. அப்போ கதவைத் தேடறது கஷ்டம், இப்போ கதவுக்கு முன்னாடி கூட்டம்.

சரி, மீதி. குளிருக்கு ஜாக்கெட் இங்கேயே வந்து வாங்கிக்குங்க, அங்கே வாங்கறது தாங்காது. ரூமுக்கு அட்மிட் வந்த அன்னைக்கே, விசா வரைக்கும் காத்திருக்காம, மாணவர் விடுதி வரிசையில பேர் கொடுத்துடுங்க. மியூனிக்ல அந்த வரிசை நீளம். வேலை, வருஷத்துக்கு 140 முழு நாள் இல்ல 280 அரை நாள் அனுமதி. அதை நம்பி வராதீங்க, பிளாக்டு அக்கவுன்ட்ல (முன்கூட்டியே பணம் போட்டு, மாசா மாசம் கொஞ்சம் மட்டும் எடுக்க முடியற கணக்கு) வருஷத்துக்கு 11,904 யூரோ காட்டியே ஆகணும்.

மார்க்ஷீட் பின்பக்கத்தைப் பார்த்துட்டு, பாஸ் 4ஆ 5ஆ 6ஆன்னு மட்டும் முதல்ல சொல்லுங்க.