வைகை டேம்ல நங்கூரம் நிக்கலையா?

தம்பி, நாலு கொக்கி நங்கூரம் போட்டும் படகு நிக்கலன்னு கேட்டிருந்தீங்க. பதினஞ்சடி தண்ணிக்கு முப்பதடி கயித்துல நங்கூரம் போட்டா ஆடிக்காத்துக்கு படகு நிக்காம இழுத்துட்டுத்தான் போகும், நங்கூரத்தோட வெயிட்டக் கூட்டிப் பிரயோஜனமில்ல. ஆழத்தோட, தண்ணிக்கு மேல இருக்குற படகு முன்பக்க உயரம் ரெண்டடியையும் சேத்து அத 7 மடங்காக்குங்க, 120 அடி கிட்ட வரும், அவ்ளோ கயிறு விடணும், காத்தில்லாட்டி 5 மடங்கு போதும். கயிறு நைலான்தான், அது கொஞ்சம் இழுபட்டுக் குடுக்கும், தண்ணில மிதக்குற பிளாஸ்டிக் கயிறு வேணவே வேணாம். நங்கூரத்துக்கும் கயித்துக்கும் நடுவுல படகு நீளத்துக்கு ஒரு சங்கிலி போடுங்க, அந்தக் கனத்துலதான் நங்கூரம் படுத்து மண்ணக் கவ்வும். நீங்க வச்சிருக்க நாலு கொக்கி நங்கூரம் பாறைக்குத்தான் லாயக்கு, வண்டலுக்கு அகலத் தகடு வச்சது வாங்குங்க.

அப்புறம் நங்கூரக் கயித்த பின்னாடி மோட்டார் பக்கம் மட்டும் கட்டிராதீங்க, அலை ஏறி படகே முங்கிரும்.