பழைய பிக்கப்பில் ஏசி அரைமணி நேரம் குளிர்ந்துவிட்டு அப்புறம் சூடாக வருகிறது. கேஸ் போட்டும் சரியாகவில்லை. கம்ப்ரசர் மாற்ற வேண்டுமா?

கம்ப்ரசர் போய்விட்டது என்று யாரோ சொல்லி, விலையைக் கேட்டுத் தலை சுற்றிப்போய்த்தான் இங்கே கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.

நான் மெக்கானிக் இல்லை. ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம். 2009 மாடல் டபுள் கேப் பிக்கப் ஒன்று வைத்திருக்கிறேன். (எந்தக் கம்பெனி என்று சொன்னால் கீழே சண்டை ஆரம்பிக்கும். வேண்டாம்.) போன வருஷம் சித்திரையில் எனக்கும் இதே கதை. காலையில் எடுத்தால் ஜில்லென்று இருக்கும். அரைமணி நேரத்தில் அடுப்படிக் காற்று. நிழலில் நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் மறுபடி ஜில்.

ஒரு கடையில் கேஸ் குறைவு என்று 1,800 ரூபாய் வாங்கினார்கள். நாலு நாளில் பழையபடி. மறுபடி கேஸ், மறுபடி 1,800. மூன்றாவது முறை போனபோது "கம்ப்ரசர் வீக் ஆயிருச்சுங்க, 22,000 ஆகும்" என்றார்கள். கேஸ் என்ன டீசலா, ஓட ஓடத் தீர்ந்துபோக? எங்கேயாவது கசிந்தால்தான் குறையும். கசிவைத் தேடாமல் கேஸ் போடுகிறவரிடம் எனக்கு இப்போது நம்பிக்கை இல்லை. அன்றைக்கு இது தெரியாது. 22,000-க்குத் தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன்.

அந்த வாரம் மாமனாரைக் கூட்டிக்கொண்டு பண்ணாரி கோயிலுக்குக் கிளம்பினோம். கவுந்தப்பாடி வருவதற்குள் ஏசி படுத்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. "மாப்பிள்ளை, கண்ணாடிய எறக்கி உடுங்க, வெளிக்காத்தே தேவலை" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

கோபியில் டீ குடிக்க நிறுத்திய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வயசான எலக்ட்ரீஷியன், டைனமோ பிரித்துக்கொண்டிருந்தார். சும்மா கேட்டுப் பார்த்தேன். இன்ஜினும் ஏசியும் ஓடட்டும் என்று சொல்லிவிட்டு பானெட்டைத் திறந்தார். கம்ப்ரசர் புல்லி சுற்றுகிறது, அதன் முன்னால் இருக்கும் கிளட்ச் பிளேட் அசையாமல் நிற்கிறது. மீட்டர் வைத்தார், காயிலுக்குக் கரண்ட் வருகிறது. சுத்தியலின் மரப்பிடியால் பிளேட்டை லேசாகத் தள்ளினார். 'டக்'கென்று ஒட்டிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. ஒரு நிமிஷத்தில் உள்ளே குளிர். "கம்ப்ரசர் நல்லாத்தான் இருக்குதுங்க. கேப் ஜாஸ்தி, அவ்வளவுதான்" என்றார்.

விஷயம் இதுதான். ஏசி போட்டதும் ஒரு காயில் காந்தமாகி, பிளேட்டை இழுத்து புல்லியோடு ஒட்ட வைக்கும். அப்போதுதான் கம்ப்ரசர் சுற்றும். நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி (அவர் சொன்ன 'கேப்') பெரும்பாலும் 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர். வருஷக்கணக்கில் தேய்ந்து என் வண்டியில் அது கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் ஆகியிருந்தது. செம்புக் காயில் 25 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடானால் அதன் மின்தடை கால்பங்கு கூடிவிடும். கரண்ட் குறையும், காந்தம் பலவீனமாகும், அவ்வளவு தூரத்திலிருந்து பிளேட்டை இழுக்க முடியாது. ஆறினால் மறுபடி இழுக்கும். அவர் நடு போல்ட்டைக் கழற்றி, பிளேட்டுக்குப் பின்னால் இருந்த இரண்டு மெல்லிய வாஷர்களில் ஒன்றை எடுத்துவிட்டு, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்து மாட்டினார். 400 ரூபாய். இன்றுவரை ஓடுகிறது.

'வாஷர் எடுப்பது ஒட்டுவேலை, கிளட்ச்சையே மாற்ற வேண்டும்' என்று ஒருவர் நிச்சயம் வருவார். ஐயா, அந்த வாஷர் இருப்பதே இடைவெளியைச் சரிசெய்யத்தான். பேரிங் சத்தம் போட்டாலோ, காயில் கருகியிருந்தாலோ மாற்றுங்கள், நான் தடுக்கவில்லை.

உங்கள் வண்டியில் வேறு கோளாறாகவும் இருக்கலாம். சூடாகும்போது காற்றின் வேகமும் குறைந்தால், டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலில் (இது வேறு காயில்) ஐஸ் கட்டுகிறது. நின்றால் சூடு, ஓடினால் குளிர் என்றால் கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் ஃபேனைப் பாருங்கள். காற்று அதே வேகத்தில் வந்து சூடாக மட்டும் வந்தால், என் கதையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஏசி சரியான பிறகுதான் எனக்கு வேறு தலைவலி. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்று விடாமல் வண்டி கேட்கிறார்கள். ஃபுல் டேங்க்கோடு போகும் வண்டி, முள் சிவப்பில் நிற்க, சீட்டெல்லாம் சந்தனத்தோடு வரும். டீசல் போட்டோமா என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றாது. ஏசி கெட்டே இருந்திருக்கலாமோ என்று சில நாள் நினைப்பேன்.

சரி. ஏசி சூடாக வரும் நேரத்தில் பானெட்டைத் திறந்து அந்தப் பிளேட் சுற்றுகிறதா என்று எட்ட நின்று பாருங்கள். வேட்டி, துண்டோடு பெல்ட் பக்கம் போக வேண்டாம். மரப்பிடி வேலையையும் தெரிந்தவரிடமே விடுங்கள். பிளேட் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது என்றால் நான் சொன்னது உங்களுக்கு உதவாது, அடுத்த பதிலைப் படியுங்கள்.