சீனியை விட்ட பிறகு சாக்லேட் ஆசையை எப்படித் தீர்ப்பது?

கேள்வி: கோலாலம்பூரில் வசிக்கிறேன். சீனியை நிறுத்திவிட்டேன். தே, கோப்பி எல்லாம் பழகிவிட்டது. ஆனால் இரவுச் சாப்பாடு முடிந்ததும் சாக்லேட்டுக்கும் பாயசத்துக்கும் மனம் அலைகிறது. எப்படி அடக்குவது? தீபாவளியும் நெருங்குகிறது.

பதில்:

அடக்க வேண்டாம், தீர்த்துக்கொள்ளுங்கள். மனம் சாக்லேட் கேட்டால் சாக்லேட்டையே கொடுங்கள். ஆனால் அது சீனி குறைந்த, கோக்கோ நிறைந்த சாக்லேட்டாக இருக்கட்டும். பேரீச்சம்பழ உருண்டை, தேன் தடவிய ரொட்டி என்று வேறு எதையாவது கொடுத்து மனத்தைத் திருப்பப் பார்த்தால், அவற்றையும் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சாக்லேட்டையும் தேடிப் போவீர்கள்.

நான் பினாங்கு ஜெலுத்தோங்கில் வீட்டிலிருந்தபடியே கேக்கும் பலகாரமும் செய்து விற்கிறேன். காலையிலிருந்து வெண்ணெயும் வெனிலாவும் கோக்கோவும் மணக்கும் சமையலறையில் நின்றுகொண்டுதான் சீனியை விட்டேன். மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் எனக்கு 5.9 விழுக்காடு என்று வந்தது. இனிப்புநீருக்கு, அதாவது நீரிழிவுக்கு, முந்தைய நிலை என்றார் மருத்துவர். அம்மாவுக்கு இனிப்புநீர் உண்டு. பெரியம்மா அதனாலேயே கால் விரலை இழந்தார். மலேசியாவின் 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருக்கிறது. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். இந்தியர்களிடையே இந்த விகிதம் இன்னும் அதிகம். அதனால் உங்கள் முடிவு தீபாவளியோடு கரைந்துவிடக் கூடாது என்று மனதார விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். அடுத்த முறை சாக்லேட் ஆசை வரும்போது, அதற்குப் பதிலாக ஒரு துண்டு கற்கண்டை வாயில் போட்டுக்கொள்வதாகக் கற்பனை செய்யுங்கள். மனம் ஒப்புகிறதா? எனக்கு ஒப்பவில்லை. நாம் தேடுவது வெறும் இனிப்பாக இருந்தால் கற்கண்டே போதுமே! சாக்லேட்டில் நம்மை இழுப்பவை கோக்கோவின் கசப்பு, வறுத்த மணம், நாக்கில் இளகும் கொழுப்பு. கோக்கோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரியில், அதாவது நம் உடல் வெப்பத்துக்குச் சற்றுக் கீழே உருகுகிறது. வாயில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு கரைவது அதனால்தான். சீனி இந்தக் கூட்டத்தில் மிக மலிவான பொருள். அதனால்தான் மலிவான பால் சாக்லேட்டில் எடையில் பாதிவரை சீனியே இருக்கிறது. அந்தப் பாதியை விட்டுவிட்டு மீதிப் பாதியைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

உறையில் போட்டிருக்கும் விழுக்காடு இதற்கு உதவும். 70 என்றிருந்தால் கோக்கோவும் கோக்கோ வெண்ணெயும் சேர்ந்து 70 பங்கு, மீதி பெரும்பாலும் சீனி. 100 கிராமில் கிட்டத்தட்ட 30 கிராம் சீனி என்பது சிறிய அளவல்ல. 85 என்றால் 15 கிராம். அதில் இரண்டு சிறிய துண்டு, 20 கிராம் அளவுக்குச் சாப்பிட்டால் உள்ளே போவது 3 கிராம் சீனி, ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. 100 விழுக்காட்டுச் சாக்லேட்டும் கிடைக்கிறது, அதில் சேர்த்த சீனி கிடையாது. பால் சாக்லேட்டுக்குப் பழகிய நாக்கை ஒரே தாவலில் 85க்குக் கொண்டுபோகாதீர்கள், கசப்பில் வெறுத்துவிடும். 55, 70, 85 என்று ஏறுங்கள். ஒவ்வொரு படியிலும் முந்தையது திகட்டத் தொடங்கும்வரை இருங்கள். எனக்கு இப்போது பால் சாக்லேட் தொண்டையில் ஒட்டுகிறது.

கோக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகப் பனைவிதை எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பு சேர்த்த சாக்லேட் வகைகளும் பேரங்காடியில் நிறைய உண்டு. நம் ஊர் வெயிலில் உருகாமல் நிற்கும், கேக் அலங்காரத்துக்கு நானும் வாங்குகிறேன். ஆசையைத் தீர்க்க மட்டும் அது உதவாது. நாக்கில் சரியாக உருகாது, மணமும் குறைவு, திருப்தி வராமல் அடுத்த துண்டுக்குக் கை போகும். பொருள்பட்டியலில் கோக்கோ முதலில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 1990 வாக்கில் மலேசியா உலகின் பெரிய கோக்கோ விளைச்சல் நாடுகளில் ஒன்றாக இருந்தது. தோட்டங்கள் செம்பனைக்கு மாறியதில் அது சுருங்கிப்போயிற்று. இருந்தாலும் பகாங், பேராக், சபா தோட்டக் கொட்டைகளை வாங்கித் தாங்களே வறுத்து அரைத்துச் செய்யும் சிறு தயாரிப்பாளர்கள் இன்று இருக்கிறார்கள். அவர்களிடம் வறுத்த கோக்கோ நொறுக்கும் கிடைக்கும். ஒரு சிட்டிகை நொறுக்கைக் கெட்டித் தயிரில் தூவிச் சாப்பிட்டுப் பாருங்கள்.

சாக்லேட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பெட்டியில் வையுங்கள். ஆனால் சாப்பிடுவதற்குக் கால் மணி நேரம் முன்பே டப்பாவைத் திறக்காமல் வெளியே எடுத்துவிட வேண்டும். சில்லென்று இருக்கும்போது மணம் எழும்பாது, மணம் இல்லாவிட்டால் ஆசை அடங்காது. கடிக்காமல் நாக்கில் வைத்து உருகவிடுங்கள். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டால் இரண்டு துண்டு போதாது.

இரவு நேரத்துக்கு என் வழக்கம் சூடான கோக்கோ. சீனி சேர்க்காத கோக்கோத் தூள் ஒரு மேசைக்கரண்டியைக் கொஞ்சம் வெந்நீரில் குழைத்து, சூடான பாலும் சிறிது தேங்காய்ப்பாலும் ஊற்றி, ஏலக்காயோ பட்டையோ தட்டிப் போட்டு, ஓர் உப்புக்கல் சேர்ப்பேன். உப்பு கசப்பை மட்டுப்படுத்தும். ஏலக்காயும் வெனிலாவும் இனிப்பல்ல, ஆனால் இனிப்புடனேயே அவற்றைச் சாப்பிட்டுப் பழகியதால் அந்த மணமே நாக்குக்கு இனிக்கிறது. பண்டான் இலைக்கும் இந்தக் குணம் உண்டு. மைலோவைக் கோக்கோ என்று நினைத்துக் குடிக்காதீர்கள், அதில் சீனி சேர்ந்திருக்கிறது.

குளிர்ச்சியாக, கரண்டியால் அள்ளிச் சாப்பிட ஏதாவது வேண்டுமென்றால் வெண்ணெய்ப்பழம் கைகொடுக்கும். நன்கு பழுத்த ஒரு வெண்ணெய்ப்பழம், இரண்டு மேசைக்கரண்டி கோக்கோத் தூள், கெட்டித் தேங்காய்ப்பால் கால் கப், பாதி சிறு வாழைப்பழம், உப்பு ஒரு சிட்டிகை, வெனிலா சில துளி. மின்னரைப்பானில் மழமழவென்று அரைத்து இரண்டு மணி நேரம் குளிரவிட வேண்டும். காரப்பொருள் (அல்கலி) சேர்த்துப் பதப்படுத்திய கரிய கோக்கோத் தூள் கிடைத்தால் கசப்பு இன்னும் மென்மையாக இருக்கும். இது மூன்று பேருக்குப் போதும். வாழைப்பழத்தின் இனிப்பும் இனிப்புதான் என்பதால் முழுப் பழம் போடுவதில்லை.

இப்போது எனக்குக் கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன். கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன், குலா மலாக்கா என்னும் பனைவெல்லம் எல்லாம் உடம்புக்கு நல்லவை, அவற்றை எவ்வளவு சேர்த்தாலும் பரவாயில்லை என்று நம் வீடுகளில் சொல்லிச் சொல்லியே எத்தனை பேருடைய ரத்தச் சர்க்கரை ஏறியிருக்கும்! குலா மலாக்காவில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், வெள்ளைச் சீனியில் இருக்கும் அதே பொருள். அதில் இருக்கும் தாதுச் சத்து நாம் சேர்க்கும் அளவில் ஒன்றுமில்லை. மணத்துக்காக அதை நேசியுங்கள், நானும் நேசிக்கிறேன். மருந்து என்று நினைத்து ஊற்றாதீர்கள். பினாங்கு வீதியில் தேங்காய்ப்பாலும் குலா மலாக்காவும் ஊற்றிய செண்டோல் சாப்பிடப் போனால் ‘குராங் மானிஸ்’ (இனிப்புக் குறைவாக) என்று கேட்டு, ஒரு கிண்ணத்தை மகளோடு பகிர்ந்துகொள்கிறேன். பாலிக் பூலாவில் டுரியான் பருவம் வந்தால் அன்று வேறு இனிப்பே கிடையாது. 100 கிராம் டுரியானில் ஏறக்குறைய 27 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, அதில் பெரும்பகுதி சர்க்கரை. இரண்டு சுளையோடு நிறுத்திக்கொள்வேன்.

செயற்கை இனிப்பூட்டிகளைப் பற்றியும் கேட்பீர்கள். உடல் எடையைக் குறைக்க இவற்றை நம்ப வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. ஏற்கெனவே இனிப்புநீர் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. நான் ஸ்டீவியாவைப் பண்டிகைப் பலகாரத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன். தினமும் சேர்த்தால் நாக்கு இனிப்பை மறக்காது. ‘சீனி இல்லை’ என்று எழுதியிருக்கும் சாக்லேட்டுகளில் மால்டிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அது ரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றும், சற்று அதிகமானால் வயிற்றைக் கலக்கிவிடும்.

இரவு ஆசைக்கு இன்னொரு காரணம் பகல் சாப்பாடு. காலையில் பசியாறாமல் வேலைக்கு ஓடி, மதியம் தட்டு நிறையச் சோறும் பெயருக்கு ஒரு காயும் சாப்பிட்டால், இரவு எந்த மனவுறுதியும் நிற்காது. முட்டை, பருப்பு, மீன், கொண்டைக்கடலை இவற்றில் ஏதாவது மூன்று வேளையும் தட்டில் இருக்கட்டும். தூக்கம் குறைந்த மறுநாளும் இனிப்பு ஆசை கூடும். சீனி போடாத தே கோசோங்குக்கு மாறிவிட்டீர்கள் என்பது பெரிய வெற்றி. சீனி சேர்த்த கெட்டிப்பால் இரண்டு மேசைக்கரண்டி ஊற்றிய ஒரு தே தாரிக்கில் 20 கிராமுக்கு மேல் சீனி இருக்கும். நாள் ஒன்றுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் மேலும் நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரு கிளாஸில் இருந்ததை விட்டவருக்கு இரண்டு துண்டு கறுப்புச் சாக்லேட் ஒரு பொருட்டே இல்லை.

ஓர் எச்சரிக்கை. நீங்கள் இன்சுலினோ, கிளிக்லாசைடு போன்ற இனிப்புநீர் மாத்திரையோ எடுப்பவராக இருந்தால் மருத்துவரிடம் சொல்லாமல் சீனியையும் மாவுச்சத்தையும் வெகுவாகக் குறைக்காதீர்கள். சர்க்கரை தாழ்ந்து உடல் நடுங்கி வியர்த்தால், அந்த நேரத்தில் சாக்லேட் உதவாது. அதன் கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். சீனி கரைத்த தண்ணீரோ பழச்சாறோதான் குடிக்க வேண்டும்.

தீபாவளிக்கு வருவோம். எந்த இனிப்பைச் சாப்பிடப் போகிறீர்கள் என்று முதல்நாளே முடிவு செய்துவிடுங்கள். எனக்கு அது அம்மா கையால் சுடும் ஓர் அதிரசம். மற்ற வீடுகளில், “ஒரு லட்டில் என்ன ஆகிவிடும்?” என்று சித்தி கேட்டால், “இந்த வருடம் வேண்டாம் சித்தி, உங்கள் வீட்டு ரசம் இருந்தால் ஒரு டம்ளர் கொடுங்கள்” என்பேன். அன்போடு கொடுப்பவரிடம் மறுப்பை மட்டும் சொன்னால் மனம் வருந்தும், வேறு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டால் அவர்களுக்கும் திருப்தி.

விருந்தினர் வரும் மேசைக்கு நான் கோக்கோ தேங்காய்ப் பர்பி செய்கிறேன். துருவிய தேங்காய் இரண்டு கப்பை ஒரு மேசைக்கரண்டி நெய்யில் ஈரம் போக வறுத்து, பாதாம் தூள் ஒரு கப், கோக்கோத் தூள் கால் கப், ஏலக்காய், உப்புச் சிட்டிகை சேர்த்துக் கிளற வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு, உருக்கிய தேங்காய் எண்ணெய் கால் கப்பும் கெட்டித் தேங்காய்ப்பால் நான்கு மேசைக்கரண்டியும் ஊற்றிப் பிசைந்து, ஸ்டீவியாவைச் சுவை பார்த்துச் சேர்த்து, தட்டில் அழுத்திப் பரப்புங்கள். ஸ்டீவியாவுக்குப் பதிலாக எரித்ரிட்டால் என்ற இனிப்பூட்டியைப் போடுவதென்றால் நன்றாகப் பொடித்துப் போடுங்கள், இல்லையேல் குளிர்ந்ததும் படிகமாகி நெறுநெறுக்கும். முதல்நாள் இரவே குளிர்பெட்டியில் வைத்தால் காலையில் வில்லை போடலாம். தேங்காய் எண்ணெய் நம் வெயிலில் இளகிவிடும் என்பதால், விருந்தினர் வந்து அமர்ந்த பிறகு தட்டை எடுத்து வையுங்கள்.