"அப்பா வரட்டும்" என்று இனி சொல்லாதீர்கள்

பாம்பனிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். எட்டாவது படிக்கும் மகன், சென்னையிலிருக்கும் சித்தப்பா கொடுத்த தடியான இங்கிலீஷ் காமிக்ஸைக் கீழே வைப்பதில்லை. சூப்பர்மேன், பேட்மேனை எல்லாம் கேலி செய்யும் குட்டிக்கதைகளின் தொகுப்பாம். அதில் கைக்குழந்தை சூப்பர்மேன் மைக்ரோவேவுக்குள் போகிற படத்தைத் தங்கைக்குக் காட்ட, இரண்டும் விழுந்து விழுந்து சிரிக்கின்றனவாம். கணக்கில் மார்க் வேறு குறைந்துவிட்டது, பெரியவர்களை மதிக்காமல் போய்விடுவானோ, பிடுங்கி வைக்கட்டுமா என்கிறார்.

பிடுங்க வேண்டாம் தங்கச்சி. அந்தக் கதை அமெரிக்க ஓவியர் கைல் பேக்கர் வரைந்தது. அந்த மைக்ரோவேவ் படம் மாதிரிக் காட்சிகளைப் பார்த்துப் பதிப்பகமான டிசி காமிக்ஸே பயந்துபோய், 1999இல் அச்சடித்ததை அமெரிக்காவில் கடைக்கு விடாமல் அழித்தார்கள். அப்புறம் 2001இல் அவர்களே, உங்கள் பையன் வைத்திருக்கும் இந்த பிசாரோ காமிக்ஸ் தொகுப்பில் சேர்த்தார்கள். சூப்பர் ஹீரோ பக்கமே போகாத ஓவியர்களைக் கூப்பிட்டு வரையச் சொன்ன புத்தகம் அது. ஒன்று பிடிக்கவில்லையா, நாலு பக்கம் தள்ளினால் வேறு கை, வேறு கோடு, வேறு கிறுக்கு. இங்கிலீஷ் தெரியாத சின்னவளும் படத்தைப் பார்த்தே சிரிக்கலாம். அடுப்பு, கரண்ட் பக்கம் போகாதே என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், போதும்.

கணக்குக்குக் கணக்கு வாத்தியாரைப் பாருங்கள்.

என்னை உறுத்துவது வேறு. உங்கள் வீட்டுக்காரர் மீன்பிடி போட்டிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே, இரண்டும் சிரிப்பை முழுங்கிக்கொண்டு புத்தகத்தைப் பாய்க்கு அடியில் தள்ளிவிடும், அந்தப் பயமாவது இருக்கிறதே என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இதில் என்ன பெருமை? ராத்திரியெல்லாம் கடலில் கிடந்து, இலங்கை நேவி வருமோ, டீசல் காசாவது தேறுமோ என்று தவித்துவிட்டு வீடு வருகிற மனுஷனுக்குப் பிள்ளைகள் கொடுப்பது இந்த அமைதிதானா? அவரா கேட்டார்? "அப்பா வரட்டும், இருக்கு உனக்கு" என்று நீங்கள் மிரட்டியது உங்கள் கடிதத்திலேயே இரண்டு இடத்தில் இருக்கிறது. பெற்ற தகப்பனைப் பூச்சாண்டியாக்குவது ஒரு தாய் செய்யக்கூடாத காரியம். கண்டிக்க வேண்டுமென்றால் அங்கேயே, அப்போதே நீங்கள் கண்டியுங்கள். அவருக்கும் சொல்கிறேன், மீன் காசை வீட்டில் கொடுத்ததோடு தகப்பன் வேலை முடிந்துவிடாது.

மதிக்க மாட்டானோ என்றீர்களே. யாருக்கு என்ன பலம், எந்த உடுப்பு, யார் எதிரி என்று அத்தனையும் மனப்பாடமாகத் தெரிந்தவனுக்குத்தான் அந்தக் கேலியே பிடிபடும், அவ்வளவு பிரியம் வைத்திருக்கிறான் அந்த ஹீரோக்கள் மேல். உங்கள் வீட்டில் அப்பாவை அவர் முகத்துக்கு நேரே ஒரு கிண்டல் பண்ண அவனால் முடியுமா?

ஏப்ரல் 15லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கரையில்தான் நிற்கும், அவரும் வீட்டில்தான். அதுவரைகூடக் காத்திருக்காதீர்கள். அடுத்த முறை அவர் கரைக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்ததும் அந்தப் புத்தகத்தை அவர் கையிலேயே கொடுத்து, சின்ன வயசில் இரும்புக்கை மாயாவி படிச்சீங்களா என்று கேளுங்கள். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தமிழில் கொண்டுவந்த ஹீரோ அவன். கரண்ட் ஷாக்கில் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும். படித்திருந்தால் அவர் அதைச் சொல்லட்டும், இல்லையென்றால் பையன் தன் புத்தகத்தைத் தமிழில் சொல்லட்டும். நடுவில் நீங்கள் புகுந்து மார்க் பேச்சை எடுக்காதீர்கள்.