அம்மா பாசி எடுக்கப் போனது குற்றமா?

கேள்வி: எனக்குப் பிறந்த ஊர் பாம்பன் பக்கம், வாக்கப்பட்டது காட்பாடியில். அம்மாவுக்கு 61 வயது. சின்ன வயதிலிருந்தே தீவுகளை ஒட்டிக் கடல்பாசி எடுக்கிறார். போன பௌர்ணமிக்கு ரோந்துப் படகில் வந்தவர்கள் பாசி மூட்டையையும் நீருக்கடியில் பார்க்கப் போடும் கண்ணாடியையும் காலில் கட்டும் தகட்டையும் பிடுங்கிக்கொண்டு, வெள்ளைத் தாளில் கைநாட்டு வாங்கியிருக்கிறார்கள். "ஏதாவது கொடுத்து முடித்துவிடு" என்கிறார்கள் ஊரில். அம்மா மறுபடி கடலுக்குப் போகலாமா? வேலூரில் வழக்குப் போட முடியுமா?

பதில்: சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். வேலூரில் முடியாது. சம்பவம் நடந்தது ராமநாதபுரம் மாவட்டத்தில். குற்ற வழக்கு என்றால் அங்குள்ள மாஜிஸ்திரேட், அதிகாரிகளின் செயலை எதிர்த்துப் போடும் ரிட் மனு என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. செலவை நினைத்துக் கலங்காதீர்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள். 15100-க்குப் போன் செய்யுங்கள்.

எனக்கு உறுத்துவது அந்தக் கைநாட்டு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 50-வது பிரிவின்படி, அதிகாரம் பெற்ற அதிகாரி முறைப்படி பதிவு செய்யும் வாக்குமூலம் பின்னால் விசாரணையில் சாட்சியமாகும். வெற்றுத் தாளில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். அதனால் இந்த வாரமே வன உயிரினக் காப்பாளருக்கு விநியோகச் சான்று கேட்டு ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். தேதி, இடம், எடுத்துப்போன பொருள்கள், வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கியது, பறிமுதல் பட்டியல் தராதது, எல்லாம் அதில் வரட்டும். பணம் கட்டி முடிக்கச் சட்டத்தில் 54-வது பிரிவு இருக்கிறது. ஆனால் அதை ஏற்க வேண்டியது உயர் அதிகாரி, அதுவும் எழுத்துப்பூர்வமாக. ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம்.

அம்மா போகலாமா? உங்கள் மனம் குளிர்வதற்காகப் போகலாம் என்று எழுத எனக்கு மனமில்லை. 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரை தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். 'வன உயிர்' என்ற சொல்லுக்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் நீர்த்தாவரமும் அடக்கம். பூங்காவிலிருந்து அதை எடுப்பதை 35-வது பிரிவு தடுக்கிறது. எல்லைக்கு வெளியே அந்தத் தடை இல்லை. ஆனால் தண்ணீருக்குள் தலையை விட்டுப் பாறையில் மரிக்கொழுந்துப் பாசியைக் கிள்ளுகிற பெண்ணுக்கு எல்லைக்கோடு எங்கே தெரியும்? கோடு தெரியும்வரை தீவை ஒட்டிப் போகாமல் இருப்பதுதான் அம்மாவுக்குப் பாதுகாப்பு.

ஆனால் இதே சட்டம் அரசுக்கும் கடமை வைத்திருக்கிறது. பூங்கா அமைக்கும்போது யாருக்கு என்ன உரிமை என்று கலெக்டர் விசாரிக்க வேண்டும். மக்கள் பேசும் மொழியில் அறிவிப்பு வெளியிட்டு, கோரிக்கை வைக்க இரண்டு மாதம் தர வேண்டும். கடல் பகுதி என்றால், உள்ளூர் மீனவரின் தொழில் நலனைக் காக்கப் போதிய ஏற்பாடு வேண்டும் என்று பின்னால் சேர்ந்த 26ஏ பிரிவு சொல்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை (ஆர்டிஐ) மனு போடுங்கள். கோரிக்கை கேட்டு வெளியிட்ட 21-வது பிரிவு அறிவிப்பின் நகல், கலெக்டர் விசாரணைக் கோப்பு, பூங்காவை இறுதியாக அறிவிக்கும் 35(4) அறிவிக்கை, எல்லையின் அட்சரேகை தீர்க்கரேகை, பாசி எடுக்கும் பெண்களின் கோரிக்கை பதிவானதா என்ற விவரம், இவ்வளவும் கேளுங்கள். மீனவர் என்றால் படகும் வலையும் வைத்திருக்கும் ஆண் என்றே கோப்புகளில் எழுதிப் பழகிவிட்டோம். இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு இறங்குகிற பெண்ணை எந்தப் பத்தியில் எழுதினார்கள் என்பது தெரிந்தாக வேண்டும்.

இன்னொரு வழி 2006-ன் வன உரிமைச் சட்டம். மீன் முதலான நீர்நிலைப் பொருள்கள் மீதான சமூக உரிமையை அதன் 3(1)(டி) பிரிவு சொல்கிறது. தேசியப் பூங்காவும் அந்தச் சட்டத்துக்குள் வரும். ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தைப் பக்கம் இந்த மனுக்களுக்காக நான் போயிருக்கிறேன். ஒரு பெரியவரிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. தன் பாட்டி கடுக்காய் பொறுக்கிய மரங்களை ஒவ்வொன்றாகக் கை நீட்டிக் காட்டினார். தோல் பதனிட வாணியம்பாடி தோல் ஷாப்புக்குப் போன கடுக்காய் அது. அவர் சொன்னதை அப்படியே எழுதினோம். மனுதாரர் அல்லாத மூத்தோரின் வாக்குமூலத்தை எழுத்தில் தந்தால் வன உரிமைச் சட்ட விதிகளின் விதி 13 அதை ஆதாரமாக ஏற்கிறது.

ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிகள் (கேரளத்தவர் அல்ல, மலைவாழ் மக்கள்) பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். உங்கள் அம்மா அப்படி இல்லையென்றால், 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், அங்கே வாழ்ந்து அதை நம்பிப் பிழைத்ததைக் காட்ட வேண்டும். கடல் எப்படி வனம் ஆகும் என்றும் எதிர்த்தரப்பு கேட்கும். தீவு நிலத்துக்கு வாதம் வலுவாக நிற்கும், தண்ணீருக்கு அந்த அளவு நிற்காது. மனு தனியாளாகப் போகாது. கிராம சபை கூடி வன உரிமைக் குழு அமைத்துத்தான் போக வேண்டும். குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும் என்பது விதி.

ஆதாரம் இல்லையே என்று தவிக்காதீர்கள். தீவுகளின் பெயரைப் பாருங்கள்: நல்லதண்ணி, உப்புத்தண்ணி. அங்கே இறங்கி, தண்ணீரை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தவர்கள்தானே அப்படிப் பெயர் வைத்திருக்க முடியும்? பாசி எடுக்கும் பெண்களின் கட்டுப்பாடும் ஆதாரம்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதம் 12 நாள்தான் இறங்குவது, இரும்பால் சுரண்டாமல் துணி சுற்றிய விரலால் கிள்ளுவது என்று தங்களுக்குத் தாங்களே விதி வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். அவர்களின் தலைவியான, பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவின் சீக்காலஜி என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் விருது கிடைத்தது. அந்தச் செய்தி நறுக்கையும் மனுவோடு இணையுங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு வாங்கிப் போங்கள். அம்மாவைவிட மூத்த பெண்கள் இரண்டு மூன்று பேரை உட்காரவைத்து, எந்தத் தீவில் எந்தப் பாறை, எந்த மாதம் எந்தப் பாசி, யார் கூட்டிப் போய்ப் பழக்கினார்கள் என்று கேட்டு, அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள். கீழே தேதி போட்டு, கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். இந்த முறை எழுதியதை முழுக்க வாசித்துக் காட்டிய பிறகு.