மூவாயிரம் நிகழ்ச்சிகளில் எதைப் பார்ப்பது?

கேள்வி: என் மகன் கிளாஸ்கோவில் படிக்கிறான். வருகிற ஆகஸ்டில் நானும் என் கணவரும் அவனைப் பார்க்கப் போகிறோம். அப்போது எடின்பரோவில் நான்கு நாள் தங்கி, ஃபிரிஞ்ச் நாடக விழாவைப் பார்க்க ஆசை. சென்னையில் இருந்த காலத்தில் சபா நாடகங்களையும் கூத்துப்பட்டறை நாடகங்களையும் விடாமல் பார்த்தவள் நான். ஆனால் மகன் அனுப்பிய சென்ற ஆண்டின் நிகழ்ச்சிப் புத்தகத்தைப் புரட்டியதும் தலை சுற்றிவிட்டது. ஒரு பெயர்கூட எனக்குத் தெரிந்ததாக இல்லை. கணவருக்கு முழங்கால் வலி உண்டு. வேகமாகப் பேசும் ஆங்கிலமும் அவருக்குச் சிரமம். எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? ஒரு நாளைக்கு எத்தனை பார்க்கலாம்?
— ஒரு வாசகி, கோவை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

டிசம்பர் மாதத்தில் சபா நிகழ்ச்சி நிரல்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பார்க்க வேண்டியவற்றைப் பேனாவால் வட்டமிடும் பழக்கம் உங்களுக்கு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்தப் பழக்கம் எடின்பரோவிலும் உங்களுக்குக் கைகொடுக்கும், ஆனால் பாதி அளவுக்குத்தான். நம் ஊரில் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். அந்தப் பெயர் மேடைக்கு வருவதற்கு முன்பே ஒரு சபாவின் செயலாளரோ ஒரு குழுவோ அதைத் தகுதி பார்த்து அனுப்பியிருப்பார்கள். ஃபிரிஞ்சில் அப்படித் தகுதி பார்ப்பவர் எவரும் இல்லை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொண்டால், பெயர்கள் தெரியவில்லையே என்ற உங்கள் கலக்கம் பெருமளவு குறைந்துவிடும்.

இதற்குக் காரணம் விழாவின் பிறப்பிலேயே இருக்கிறது. 1947ஆம் ஆண்டு, போர் முடிந்த சில காலத்திலேயே, எடின்பரோ சர்வதேச விழா முதன்முறையாக நடந்தபோது, எவரும் அழைக்காத எட்டு நாடகக் குழுக்கள் தாங்களாகவே வந்து, தாங்களாகவே இடம் பிடித்து நாடகம் போட்டன. அடுத்த ஆண்டு ராபர்ட் கெம்ப் என்ற நாடகாசிரியர், அதிகாரபூர்வ விழாவின் விளிம்பில் நடப்பவை என்று இவற்றைப் பற்றி எழுத, விளிம்பு என்று பொருள்படும் அந்த ஆங்கிலச் சொல்லே நாளடைவில் பெயராக நிலைத்துவிட்டது. 1958இல் இதற்கென ஒரு சங்கம் அமைந்தபோதும், எந்த நாடகத்தையும் தேர்வு செய்து அனுமதிப்பதில்லை என்பதையே கொள்கையாக வைத்துக்கொண்டார்கள். இடம் தர ஓர் அரங்கு சம்மதித்து, பதிவுக் கட்டணமும் கட்டிவிட்டால் யார் வேண்டுமானாலும் நடிக்கலாம். அதனால்தான் அந்தப் புத்தகத்தில் முப்பது ஆண்டு அனுபவமுள்ள நடிகரும், முதன்முறையாக மேடையேறும் கல்லூரி மாணவரும் ஒரே அளவு இடத்தில், ஒரே எழுத்தில், அடுத்தடுத்து நிற்கிறார்கள். 2019ஆம் ஆண்டில் 323 இடங்களில் 3,841 நிகழ்ச்சிகள் நடந்தன. நாளொன்றுக்கு நான்கு வீதம் பார்த்தாலும், அவற்றை முடிக்க இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆகவே நல்லது எதையும் தவறவிட்டுவிடக் கூடாதே என்ற கவலையைக் கோவையிலேயே விட்டுவிட்டுப் புறப்படுங்கள். அங்கே போகிற ஒவ்வொருவரும் ஏறக்குறைய எல்லாவற்றையும் தவறவிட்டுவிட்டுத்தான் திரும்புகிறார்கள்.

எத்தனை என்ற கேள்விக்கு என் பதில் மூன்று. பெரும்பாலான நிகழ்ச்சிகள் ஒரு மணி நேர அளவே என்பதால், காலை பத்து மணி தொடங்கி நள்ளிரவு வரை ஆறேழு பார்த்துவிடலாம் என்று புத்தகம் ஆசை காட்டும். முதன்முறை சென்றபோது நானும் அப்படித்தான் ஒரு நாளைக்கு ஐந்து என்று திட்டமிட்டேன். மூன்றாம் நாள் மாலை, யாருடைய தாய் இறந்துபோனாள், எந்த நாடகத்தில் கடிதம் எரிக்கப்பட்டது என்பதெல்லாம் என் நினைவில் ஒன்றோடொன்று குழம்பிவிட்டன. ஒரு நல்ல நாடகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, ஒரு தேநீர் குடிக்கும் நேரமாவது அதைப் பற்றிப் பேச வேண்டும். அந்த நேரத்தையும் சேர்த்துத்தான் நாடகத்தின் நீளத்தைக் கணக்கிட வேண்டும் என்பது என் எண்ணம்.

இனி, புத்தகத்தை எப்படிப் படிப்பது என்பதற்கு வருகிறேன். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கீழே உள்ள சில வரிக் குறிப்பு, அந்தக் குழுவே தன்னைப் பற்றி எழுதிக்கொள்வது. கோடையில் புத்தகம் வெளிவர வேண்டும் என்பதற்காக அதை வசந்த காலத்திலேயே அனுப்பிவிட வேண்டியிருக்கும். அந்த வேளையில் நாடகம் முழுவதும் எழுதி முடிக்கப்படாமலேகூட இருந்திருக்கலாம். ஆகவே அதில் வரும் அடைமொழிகளை எல்லாம் மனத்தால் அடித்துவிட்டு, எஞ்சுவது என்ன என்று பாருங்கள். ‘அன்பும் இழப்பும் நம்பிக்கையும் கலந்த, நெஞ்சை உருக்கும் பயணம்’ என்று ஒரு குறிப்பு இருந்தால், அடைமொழியை நீக்கிய பிறகு கையில் ஒன்றும் மிஞ்சாது. ‘தந்தை இறந்த மறுநாள் காலை, மீன் கடையைத் திறப்பதா வேண்டாமா என்று இரண்டு சகோதரிகள் வாக்குவாதம் செய்கிறார்கள்’ என்று இருந்தால், அங்கே இரண்டு மனிதர்கள், ஓர் இடம், ஒரு பிரச்சினை மூன்றும் இருக்கின்றன. இவை இரண்டும் நான் உதாரணத்துக்காக எழுதியவையே. ஆனால் இந்த வேறுபாட்டைப் பக்கத்துக்குப் பக்கம் நீங்களே காண்பீர்கள். என்ன நடக்கிறது என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு, அதை மேடையில் காட்டவும் தெரிந்திருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

விழாவுக்குத் தேர்வு இல்லையென்றாலும், சில அரங்குகள் தாங்களாகவே தேர்ந்தெடுத்து நடத்துகின்றன என்பதை உங்களுக்கான முதல் பிடிமானமாகக் கொள்ளலாம். 1963இல் தொடங்கிய டிராவர்ஸ் அரங்கு ஆண்டு முழுவதும் புதிய நாடகங்களுக்கென்றே இயங்குவது. கூத்துப்பட்டறையைத் தொடர்ந்து பார்த்த உங்களுக்கு அங்கே ஒரு நாடகமாவது நிச்சயம் பிடிக்கும். ஆனால் அங்கே ஒரே நாடகம் ஒரு நாள் காலையிலும் மறுநாள் மாலையிலும் நடக்கும்படி நேரங்களை மாற்றி மாற்றி வைப்பார்கள்; தேதியோடு நேரத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மெடோஸ் புல்வெளியின் கோடியில் இருக்கும் சம்மர்ஹால் இன்னோர் இடம். அது முன்பு கால்நடை மருத்துவக் கல்லூரியாக இருந்த கட்டடம். உடற்கூறியல் விரிவுரை நடந்த அறை இன்று நாடக அறை. மாணவர்கள் அமர்ந்து கவனித்த, செங்குத்தாக அடுக்கிய மரப் பலகைகளில்தான் பார்வையாளர்கள் உட்கார வேண்டும். வழக்கமான நாடகத்திலிருந்து விலகிய சோதனை முயற்சிகள் அங்கே அதிகம். நீங்கள் அவசியம் போக வேண்டும். ஆனால் முழங்கால் வலி உள்ளவரை அந்த ஒரு அறைக்கு மட்டும் அழைத்துப் போகாதீர்கள்.

நட்சத்திரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு நட்சத்திரம், ஐந்து நட்சத்திரம் என்று சுவரொட்டிகளின் மேல் சிறு துண்டுத் தாள்களை ஒட்டிக்கொண்டே இருப்பார்கள். அதைக் கொடுத்தது யார், எந்த ஆண்டு, இதே நாடகத்துக்கா அல்லது அதே குழுவின் பழைய நாடகத்துக்கா என்று பார்க்காமல் நம்ப வேண்டாம். எண்ணிக்கையை விட்டுவிட்டு விமர்சனத்தின் வாசகத்தைப் படியுங்கள். விமர்சகர் குறையாகச் சொல்வதே சில நேரம் நமக்கு ஈர்ப்பாக இருக்கும். ‘மிக மெதுவாக நகர்கிறது’ என்ற வரியைப் படித்துவிட்டுத்தான் நான் ஒரு நாடகத்துக்குப் போனேன், இன்றுவரை அதை மறக்கவில்லை. டாம் ஸ்டாப்பர்டின் ‘ரோசன்கிரான்ட்ஸ் அண்ட் கில்டன்ஸ்டர்ன் ஆர் டெட்’ நாடகத்தை 1966இல் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் குழு ஒன்று இந்த விழாவில்தான் முதன்முதலாக மேடையேற்றியது. முதலில் வந்த விமர்சனங்கள் சாதகமாக இல்லை. பிறகு அப்சர்வர் இதழில் ரொனால்ட் பிரைடன் பாராட்டி எழுதிய விமர்சனத்தின் பலனாக, அடுத்த ஆண்டே அது லண்டன் நேஷனல் தியேட்டருக்குப் போயிற்று. ஒரே ஓர் அளவுகோலை நம்பித்தான் ஆக வேண்டும் என்றால், ஸ்காட்ஸ்மன் நாளிதழ் 1973 முதல் வழங்கிவரும் ஃபிரிஞ்ச் ஃபர்ஸ்ட் விருதைக் கவனியுங்கள். அது புதிய நாடகங்களுக்கு மட்டுமே உரியது. விழா நடந்துகொண்டிருக்கும்போதே வாரந்தோறும் அறிவிப்பதால், நீங்கள் அங்கே இருக்கும்போதே பயன்படும்.

உங்கள் கணவருக்காகச் சிலவற்றைத் தனியே யோசிக்க வேண்டும். புத்தகத்தில் மிகப் பெரிய பகுதி நகைச்சுவை. அதில் பெரும்பாலானவை ஒருவரே நின்று பேசும் ஸ்டாண்ட்-அப் நிகழ்ச்சிகள். பிரிட்டனின் தொலைக்காட்சியும் அரசியலும் அன்றாடப் பேச்சும் தெரிந்தால்தான் அவற்றில் பல புரியும். அதுவும் வேகமான பேச்சு. அவற்றோடு தொடங்க வேண்டாம். நடனம், உடலசைவு நாடகம், சர்க்கஸ் இவற்றுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. பொம்மலாட்ட நாடகங்களும் ஆங்காங்கே உண்டு. அங்கே மொழி ஒரு தடையே இல்லை, பகல் நேரக் காட்சிகளும் நிறைய. வசன வரிகளைத் திரையில் காட்டும் காட்சிகள் சில நாடகங்களுக்குக் குறிப்பிட்ட தேதிகளில் உண்டு. அத்துடன் படிக்கட்டு இல்லாத வழி, வயது வரம்பு, காட்சியில் வரும் கடுமையான விஷயங்கள் ஆகியவற்றையும் ஒவ்வொரு நிகழ்ச்சியின் குறிப்பிலும் பார்த்துக்கொள்ளலாம்.

திட்டமிடும்போது ஊரின் அமைப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. வரைபடத்தில் ஜார்ஜ் நான்காம் பாலமும் கௌகேட் தெருவும் ஒன்றையொன்று வெட்டுவதுபோல் இருக்கும். பாலத்தின் மேல் நின்று, நான் போக வேண்டிய அரங்கு இங்கேதானே இருக்க வேண்டும் என்று பத்து நிமிடம் தேடினேன். பிறகு கைப்பிடிச் சுவரை எட்டிப் பார்த்தால், பல மாடி ஆழத்தில், ஈரமான கற்கள் பாவிய அந்தத் தெருவில் மக்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்! சந்து வழியாகப் படி இறங்கிப் போய்ச் சேர்வதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். தாமதமாக வருபவர்களைப் பெரும்பாலும் உள்ளே விடுவதில்லை. அந்த அலைச்சல் உங்கள் கணவரின் முழங்காலுக்கு என்ன செய்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எனவே ஒரு நாளுக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ் சதுக்கம், மெடோஸ், சம்மர்ஹால் ஆகியவை அடுத்தடுத்து, ஓரளவு சமதளத்தில் இருப்பவை. அவற்றை ஒரே நாளில் பார்க்கலாம். கோட்டைக்கு மேற்கே உள்ள டிராவர்ஸை வேறொரு நாளுக்கு வையுங்கள். இரண்டு நிகழ்ச்சிகளுக்கு இடையே முக்கால் மணி நேரமாவது விடுங்கள்; இருக்கை எண் இல்லாத அரங்குகளே மிகுதி என்பதால், வசதியான ஓர இருக்கை வேண்டுமானால் வரிசையில் முன்னதாக நிற்க வேண்டும்.

கட்டணம் பெரும்பாலும் 10 முதல் 20 பவுண்டு வரை இருக்கும். தொடக்க நாள்களின் முன்னோட்டக் காட்சிகள் மலிவு. முதல் திங்கள், செவ்வாய்க்கிழமைகளில் பல நிகழ்ச்சிகளுக்கு ஒரு சீட்டின் விலையில் இரண்டு கிடைப்பது வழக்கம். மதுக்கடைகளின் பின்னறைகளிலும் மாடிகளிலும் நடக்கும் இலவச நிகழ்ச்சிகளில், முடிந்ததும் வாசலில் ஒரு வாளியை நீட்டுவார்கள். பிடித்திருந்தால் தாராளமாகப் போடுங்கள். அரங்கு வாடகை, தங்குமிடம், விளம்பரம் என்று கையிலிருந்து செலவழித்துக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். ஊர் திரும்பும்போது கடனோடு திரும்புகிறவர்கள் பலர். பன்னிரண்டு நாற்காலி போட்ட ஓர் அறையில் நாங்கள் ஐந்து பேர் மட்டும் உட்கார்ந்திருக்க, ஒரு பெண் தன் பாட்டியின் சமையலறையைப் பற்றி ஒரு மணி நேரம் நடித்துக் காட்டியதைப் பார்த்தேன். மாவு பிசைவதாக வெறுங்கையை அசைத்தவர், நடுவில் நிறுத்தி விரல்களில் ஒட்டிய மாவை ஒவ்வொன்றாக வழித்தார். அங்கே மாவு இல்லை என்பதே எனக்கு மறந்துபோயிற்று. உங்கள் பட்டியலில் அப்படிப்பட்ட சிறிய அறை ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

முதல் மூன்று நாளுக்கு, நாளொன்றுக்கு இரண்டு வீதம் ஆறு நிகழ்ச்சிகளுக்கு இங்கிருந்தே சீட்டு வாங்கிவிடுங்கள். நாடகக் குழுக்கள் இடையில் ஒரு நாள் விடுமுறை எடுப்பதுண்டு. நீங்கள் இருக்கும் நாள் அதுவாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது நிகழ்ச்சியை அங்கே போய் முடிவு செய்யலாம். வரிசையில் உங்கள் முன்னால் நிற்பவரிடம், இதுவரை பார்த்ததில் எது பிடித்தது என்று கேளுங்கள். இந்த விழாவில் அது முற்றிலும் இயல்பான கேள்வி. முன்பின் தெரியாதவர்களும் மகிழ்ச்சியோடு விரிவாகச் சொல்வார்கள்.

நான்காம் நாளுக்கு எதையும் வாங்காதீர்கள். அன்று காலை ராயல் மைல் தெருவில் மெதுவாக நடந்து போங்கள். நடிகர்களே வேடத்தோடு நின்று துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடாமல், உங்கள் நாடகத்தில் என்ன நடக்கிறது என்று அந்த இளைஞரிடமோ பெண்ணிடமோ கேளுங்கள். அவர் சொல்லும் முதல் வாக்கியம் உங்களை அடுத்த கேள்வி கேட்க வைத்தால், அன்று பிற்பகலே அந்த நாடகத்துக்குப் போய்விடுங்கள்.