உளோம், போகீர்

அன்புள்ள ஐயா,

கடவுளோடு நண்பரைப் போலப் பழக வேண்டும் என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். எனக்கு வயது 46. இதுவரை நான் கோயிலுக்குப் போனதெல்லாம் ஏதேனும் ஒரு வேண்டுதலோடுதான். எட்டு மாதங்களுக்கு முன் என் தந்தை மருத்துவமனையில் இருந்தபோது நாள்தோறும் கெஞ்சினேன், அவர் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து நான் விளக்கேற்றுவதில்லை. காரியத்துக்கு மட்டும் தேடி வருபவனை யார் நண்பன் என்பார்கள் என்று வெட்கமாக இருக்கிறது. கைவிட்டவரிடம் எதற்குப் போக வேண்டும் என்று கோபமாகவும் இருக்கிறது. கோபத்தோடு சந்நிதியில் நிற்பது அபசாரம் இல்லையா? நண்பர் என்றால் பதில் பேச வேண்டாமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் சுந்தரர்தான் நினைவுக்கு வந்தார். நாயன்மார்களில் தம்பிரான் தோழர் என்று பெயர் பெற்றவர் அவர். அந்தப் பெயரை அவர் கேட்டுப் பெறவில்லை. 'தோழமையாக உனக்கு நம்மைத் தந்தனம்' என்று திருவாரூரில் இறைவனே சொன்னதாகச் சேக்கிழார் பாடுகிறார். நட்பு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதால், உங்கள் தகுதியைப் பற்றிய வெட்கத்தை முதலில் இறக்கி வைத்துவிடலாம்.

கோபத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில், உன்னைப் பிரியேன் என்று தாம் மணந்த சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்த சுந்தரர், ஆரூர் நினைவு வாட்ட அதை மீறிக் கிளம்புகிறார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்களும் மறைந்துவிடுகின்றன. தட்டுத் தடுமாறித் திருவெண்பாக்கம் வந்து, 'கோயில் உளாயே' என்று கேட்கிறார். உள்ளிருந்து வந்த பதிலை அவரே பாட்டில் வைத்திருக்கிறார்: 'உளோம், போகீர்.' இருக்கிறோம், நீங்கள் போங்கள் என்று பொருள். இந்த இரண்டு சொற்களை நான் பல வருடங்களாக நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். நெடுநாள் பழகிய ஒருவர் திடீரென்று நம்மை 'வாங்க, போங்க' என்று மரியாதையாகப் பேசினால் நெஞ்சு எப்படிச் சுருங்கும்? கண்ணைக் கேட்டவருக்கு அங்கே கிடைத்தது ஓர் ஊன்றுகோல். (பூண்டி நீர்த்தேக்கம் கட்டியபோது அந்தப் பழைய கோயில் இடம் மாறியது, ஊன்றீஸ்வரர் என்ற பெயரோடு இறைவன் இன்றும் பூண்டியில் இருக்கிறார்.)

சுந்தரர் அந்தக் கோலை ஊன்றிக்கொண்டு காஞ்சிக்கு நடந்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அங்கே இடக்கண் கிடைத்தது. ஒற்றைக் கண்ணோடு ஆரூர் போய், உமக்கே மீளா அடிமையாக இருப்பவர்கள் துன்பத்தைச் சொன்ன பிறகும் நீர் பேசாமல் இருப்பீரானால் 'வாழ்ந்து போதீரே' என்று பாடினார். நீர் மட்டும் நன்றாக இருந்துகொள்ளும் என்று வீட்டில் மனம் நொந்து சொல்வோமே, அதே தொனிதான். வலக்கண்ணும் திரும்பி வந்தது. அந்தப் பாட்டை ஏழாம் திருமுறையில் வைத்துச் சைவர்கள் இன்றும் சந்நிதியிலேயே பாடுகிறார்கள். பிறகு உங்கள் கோபம் மட்டும் எப்படி அபசாரமாகும்?

ஆனால் ஒன்றில் உங்கள் நிலை வேறு. சுந்தரர் தாம் செய்த சத்தியத்தை மீறியவர். உங்கள் தந்தையின் மரணம் எதற்கும் தண்டனை அன்று. அப்படி ஒரு எண்ணம் மனத்தின் மூலையில் இருந்தால் தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

அவருக்குச் சண்டை போடும் உரிமை எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். ஊர் ஊராகப் போய்ப் பாடிப் பாடிப் பழகியவர் அவர். நெல் கிடைத்தாலும் அதை வீட்டுக்குச் சுமந்து வர ஆள் இல்லை என்பதைக்கூட இறைவனிடம் போய்ச் சொன்னவர். படிக்கப் படிக்க நூல் இனிப்பதைப் போல நல்லவர் நட்பு 'பயில்தொறும்' இனிக்கும் என்கிறது குறள். அந்தப் பயிற்சிதான் நம்மிடம் இல்லை.

என் அக்கா இறந்த வருடம் நானும் உங்களைப் போல விலகித்தான் இருந்தேன். பிறகு ஒருநாள் வேலை முடிந்து வரும் வழியில் தெருமுனைப் பிள்ளையார் கோயில் திண்ணையில் உட்கார்ந்து, எதையும் கேட்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு, பேருந்து தாமதமானதையும் மகன் முகம் கொடுத்துப் பேசாததையும் வாய்க்குள்ளேயே சொன்னேன். முதல் சில நாட்கள் கூச்சமாகத்தான் இருந்தது. குருக்கள் நடை சாத்துவதற்கு முன் திரியைத் தூண்டிவிட்டு, நான் எழுந்திருக்கட்டும் என்று சாவியோடு காத்திருப்பார். ஏறக்குறைய பத்தாம் நாள், அக்காவை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்டு அழுதேன். பதில் எதுவும் காதில் விழவில்லை. ஆனால் மறுநாள் மாலை கால்கள் தாமாகவே அந்தத் திண்ணைக்குத் திரும்பின. எனக்குக் கிடைத்த ஊன்றுகோல் அதுதான் என்று நம்புகிறேன்.

வீட்டில் விளக்கேற்ற இப்போது மனம் வராவிட்டால் ஏற்ற வேண்டாம். கூட்டமில்லாத ஒரு மாலையில் பக்கத்துக் கோயிலுக்குப் போய் உட்காருங்கள். அன்றைய பொழுதைச் சொல்வதற்கு முன்னால் உங்கள் தந்தையைப் பற்றிச் சொல்லுங்கள்: அவருக்கு என்ன பிடிக்கும், கடைசி நாட்களில் உங்களிடம் என்ன கேட்டார், நீங்கள் அங்கே எவ்வளவு கெஞ்சினீர்கள் என்பதையெல்லாம், கோபம் வந்தால் கோபத்தோடேயே.

அன்புடன்.